முத்திரை யாருடையது? வட்டுக்கோட்டையிலிருந்து வேல்ஸ் வரை

கொழும்பிலிருந்து வெளிவரும் ஞாயிறுப் பத்திரிகைகளில் கல்வி விளம்பரங்களுக்குக் குறைவில்லை. கற்பிப்பது உள்ளூர் நிறுவனம். பட்டம் வழங்குவது பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள பல்கலைக்கழகம். இரண்டு நிறுவனங்களும் கூட்டாக நடத்தும் கற்கைநெறி இது என்றும், அங்கீகாரம் பெற்றது என்றும் விளம்பரம் கூறும். எவர் அங்கீகரித்தார், எதை அங்கீகரித்தார், எவ்வளவு காலத்துக்கு அங்கீகரித்தார் என்பன பெரும்பாலும் அதில் இரா.

இந்த ஏற்பாடு நமக்குப் புதியதென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கற்பிப்பது ஓரிடம், பட்டம் தருவது வேறிடம் என்ற நிலையில்தான் ஈழத்து உயர்கல்வி ஏறத்தாழ நூற்றாண்டு காலம் வளர்ந்தது. அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் இன்றைய பெற்றோருக்கும் மாணவருக்கும் பயன்படக்கூடிய பாடங்கள் சில கிடைக்கும்.

மறுக்கப்பட்ட பெயர்

1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கினர். ஆங்கிலத்துடன் தமிழும் சமஸ்கிருதமும், அவற்றோடு கணிதமும் வானியலும் தத்துவமும் கற்பிக்கும் பெருந்திட்டம் அவர்களிடம் இருந்தது. அதனைக் கல்லூரியாக நிறுவுவதே அவர்களது விருப்பம். பிரித்தானியக் குடியேற்ற அரசு அதற்கு உரிமை வழங்கவில்லை. அதனாலேயே அது செமினரி என்ற பெயரோடு நின்றது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர்.

அதே காலத்தில் வங்காளத்துச் செராம்பூரில் நிகழ்ந்ததை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1818 இல் தொடங்கப்பட்ட செராம்பூர்க் கல்லூரி, அந்நகரம் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த காரணத்தால், 1827 இல் டென்மார்க் மன்னரிடமிருந்து பட்டம் வழங்கும் சாசனத்தைப் பெற்றுக்கொண்டது. வட்டுக்கோட்டைக்கு அவ்வாறு ஒரு மன்னர் வாய்க்கவில்லை. ஆயினும் அங்கு கற்பிக்கப்பட்ட கல்வி தாழ்ந்ததன்று. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இலங்கையில் பணியாற்றிய எமர்சன் ரெனன்ற், அதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடத்தக்கதெனப் பாராட்டி எழுதியுள்ளார்.

தரம் இருந்தது, முத்திரை இல்லை. 1855 இல் மிஷனின் தலைமைப்பீடம் எடுத்த முடிவினால் செமினரி மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் சென்னைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதன் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையில் கற்றவர்கள். கல்வியை இங்கே பெற்றவர்கள், பட்டத்தைப் பெறக் கடல் கடக்க வேண்டியிருந்தது.

இலண்டன் வகுத்த வழி

கற்பித்தலையும் பட்டம் வழங்குவதையும் வெவ்வேறாகப் பிரித்த முன்மாதிரி இலண்டனுடையது. 1836 இல் சாசனம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம் தானாக எதையும் கற்பிக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் மட்டும் வழங்கியது. யூனிவர்சிற்றி கொலிஜ், கிங்ஸ் கொலிஜ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகளில் கற்றதற்கான சான்றிதழுடன் வருபவர்களே பரீட்சைக்கு அமரலாம் என்பது முதல் விதி. ஆனால் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் இருக்கவில்லை, அரசிடமே இருந்தது. அக்கல்லூரிகளைச் சென்று பார்வையிடும் உரிமையும் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. 1850 இன் பின் பட்டியல் நீண்டது. நீள நீள அதன் பொருளும் குறைந்தது. கடைசியில் 1858 இன் புதிய சாசனம், மருத்துவம் தவிர்ந்த துறைகளில், எங்கு கற்றவரும் பரீட்சை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. வெளிவாரிப் பட்டம் என்று நாம் இன்று வழங்கும் முறையின் தோற்றுவாய் இதுவே.

இதில் அடங்கியுள்ள உண்மை கவனிக்கத்தக்கது. உள்ளே சென்று பார்க்க இயலாத அங்கீகாரம் வெறும் பட்டியலாகவே முடியும் என்பதை இலண்டன் இருபத்திரண்டு ஆண்டுகளில் கண்டுகொண்டது. அதற்குப் பதிலாகப் பரீட்சையை மட்டும் நம்பியது. பரீட்சை கடுமையானது, நேர்மையானது. இன்னார் இனியார் என்று பாராதது. காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், பின்னாளில் விபுலானந்த அடிகளாக அறியப்பட்டவர், ஆசிரியப் பணியாற்றியவாறே 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தை ஈட்டினார். எனினும் அப்பரீட்சைக்கான பாடவிதானத்தை வகுத்தவர்கள், நம் மாணவர் வாழும் ஊரை அறியாதவர்கள்.

கல்கத்தாத் தொடர்பு

1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டனைப் பார்த்தே அமைக்கப்பட்டன. அவையும் தாமாகக் கற்பிக்கவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பரீட்சை நடத்தின. செமினரியின் வழித்தோன்றலாக 1872 இல் வட்டுக்கோட்டையில் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரி, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. வட்டுக்கோட்டை மாணவன், வங்காளத்தில் வகுத்த பாடத்தைப் படித்து, வங்காளத்தில் தயாரித்த வினாத்தாளுக்கு விடை எழுதினான்.

1904 இல் கேர்சன் பிரபுவின் அரசாங்கம் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இணைந்த கல்லூரிகளைப் பார்வையிடுதல், ஆசிரியர் தகைமை, நூலகம், ஆய்வுகூடம் என்று நிபந்தனைகள் இறுகின. கல்வித் தரத்தைக் கருதினால் அவை தவறென்று கூறவியலாது. ஆனால் அதே சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நில எல்லை வகுக்கவும் வழிசெய்தது. அதன் பின்னர் யாழ்ப்பாணத்தின் கல்கத்தாத் தொடர்பு நீடிக்கவில்லை. கல்லூரி இலண்டன் பரீட்சைகளின் பக்கம் திரும்பியது.

மாணவரும் ஆசிரியரும் செய்த தவறு எதுவுமில்லை. தொலைவிலுள்ள ஒரு தலைநகரில், வேறு நோக்கத்துக்காக இயற்றப்பட்ட ஒரு சட்டம் இங்குள்ள கற்கைநெறியின் போக்கை மாற்றிவிட்டது. பட்டம் தரும் கை தூரத்தில் இருந்தால், அதை விலக்கிக்கொள்ளும் கையும் தூரத்திலேயே இருக்கும்.

இருபத்தொரு ஆண்டுக் காத்திருப்பு

சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டுமென்ற குரல் இதே காலத்தில் எழுந்தது. 1906 இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியபோது அதன் முன்னணியில் நின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். பதினைந்து ஆண்டுகளின் பின், 1921 ஜனவரியில், கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. றொபேட் மார்ஸ் அதன் அதிபரானார். பட்டம் இலண்டனுடையது. இது இடைக்கால ஏற்பாடே, விரைவில் முழுப் பல்கலைக்கழகம் வரும் என்று சொல்லப்பட்டது.

அந்த இடைக்காலம் இருபத்தொரு ஆண்டுகள் நீடித்தது. பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் அமைப்பதா, கண்டியில் அமைப்பதா என்ற தகராறு அதன் பெரும்பகுதியை விழுங்கியது. அதுவரை வினாத்தாள்கள் இலண்டனிலிருந்து வந்தன, விடைத்தாள்கள் இலண்டனுக்குச் சென்றன. விரிவுரை மண்டபத்தில் மாணவனுக்கு முன்னால் நின்ற ஆசிரியர், அவன் எதைக் கற்க வேண்டும் என்பதை இறுதியாகத் தீர்மானிப்பவராக இருக்கவில்லை.

1942 ஜூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் முதலாவது துணைவேந்தர். மறுஆண்டே தமிழுக்கான பேராசிரியர் பதவியில் விபுலானந்தர் அமர்ந்தார். பல்கலைக்கழகக் கல்லூரியிலும் தமிழ் கற்பிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் தமிழுக்குப் பேராசிரியர் பதவி, முத்திரை நம் கைக்கு வந்த மறுஆண்டில் வந்தது என்பதைத் தற்செயலாக நான் கருதவில்லை.

இபதான் கண்ட நடுவழி

இலங்கை விலகிய பின்னர் இலண்டன் ஒரு புதிய முறையைக் கையாண்டது. 1945 இல் வெளியான அஸ்குவித் ஆணைக்குழுவின் அறிக்கை, குடியேற்ற நாடுகளில் பல்கலைக்கழகக் கல்லூரிகளை நிறுவி, இலண்டனுடன் 'சிறப்புறவு' ஏற்படுத்துமாறு பரிந்துரைத்தது. 1948 இல் நைஜீரியாவின் இபதானிலும், கோல்ட் கோஸ்ட்டிலும், மேற்கிந்தியத் தீவுகளில் ஜமேக்காவின் மோனாவிலும் அத்தகைய கல்லூரிகள் எழுந்தன. உகண்டாவின் மக்கெரேரேயும் சூடானின் கார்ட்டூமும் இவ்வட்டத்துள் வந்தன.

பழைய வெளிவாரி முறைக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடுண்டு. இங்கே உள்ளூர் ஆசிரியர் பாடவிதானத்தை முன்மொழிவார். இலண்டன் குழு பரிசீலித்து ஒப்புதல் அளிக்கும். வினாத்தாள் தயாரிப்பதிலும் விடைத்தாள் திருத்துவதிலும் இரு தரப்பினரும் பங்கேற்பர். தாவரவியல் மாணவன் இங்கிலாந்துச் செடிகளுக்குப் பதிலாகத் தன் நாட்டுச் செடிகளைக் கொண்டு கற்க இடம் கிடைத்தது. கென்னத் டிக்கே போன்ற வரலாற்றறிஞர்கள் ஆபிரிக்க வரலாற்றை ஆபிரிக்கர் நோக்கிலிருந்து எழுதியது இச்சூழலில்தான்.

அந்த முறைக்கும் குறைகள் இருந்தன. இலண்டனின் அச்சிலேயே பாடங்கள் வார்க்கப்பட்டன என்ற கண்டனம் ஆபிரிக்காவில் வலுவாக எழுந்தது. இருந்தாலும் ஒரு சிறப்பை மறுக்கவியலாது. அந்த உறவு முடிந்துபோவதற்காகவே உருவாக்கப்பட்டது. கோல்ட் கோஸ்ட் கல்லூரி 1961 இல் கானாப் பல்கலைக்கழகமாயிற்று. இபதானும் மேற்கிந்தியத் தீவுகளும் 1962 இல் சொந்தப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றன. பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளுள் பட்டம் தரும் அதிகாரம் உள்ளூருக்குக் கைமாறியது.

யாழ்ப்பாணம் 1974

வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவு, இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரும் இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கு மாணவரைத் தயார்செய்து வந்தது. 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் உருவானபோது, திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்கள் அதன் இருப்பிடமாயின. விஞ்ஞானத் துறை தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில் இயங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி வளாகத்தின் முதல் தலைவர். 1979 ஜனவரி முதலாந் திகதி அது தனிப் பல்கலைக்கழகமாகி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலாவது துணைவேந்தரானார். 1823 இல் கல்லூரி என்ற பெயர் மறுக்கப்பட்ட மண், தன் பெயரில் பட்டம் வழங்க 156 ஆண்டுகள் காத்திருந்தது.

வேல்ஸ் கற்பித்த பாடம்

பிரித்தானியாவில் 1964 இல் அமைக்கப்பட்ட தேசிய கல்வி விருதுகள் பேரவை, பல்கலைக்கழகமல்லாத கல்லூரிகளின் கற்கைநெறிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பட்டம் வழங்கியது. துறைசார்ந்தோர் குழு நேரில் சென்று ஆசிரியரையும் நூலகத்தையும் பார்த்தது. காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்தது. 1992 இன் சட்டத்தால் பொலிரெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களாயின, பேரவை கலைக்கப்பட்டது. அங்கீகரிக்கும் பணி தனித்தனிப் பல்கலைக்கழகங்களின் கைக்குச் சென்றது. கடல் கடந்த நாடுகளில் அது நல்ல வருமானம் தரும் தொழிலாகவும் மாறியது.

அதன் விளைவை 1893 இல் நிறுவப்பட்ட வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கதையில் காணலாம். உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கற்கைநெறிகளுக்கு அது தன் பட்டத்தை வழங்கிவந்தது. மலேசியாவில் அதன் பட்டங்களுக்குரிய கற்கைநெறிகளை நடத்திய கல்லூரி ஒன்றின் தலைவருடைய கல்வித் தகைமைகளே போலியானவை என்பதை 2010 இல் பிபிசி வெளிப்படுத்தியது. பிரித்தானியத் தர மேற்பார்வை நிறுவனமும் கண்டித்தது. 2011 ஒக்ரோபரில், பிற நிறுவனங்களின் கற்கைநெறிகளை அங்கீகரிப்பதை நிறுத்துவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. நூற்றாண்டு கண்ட பெயர் ஓராண்டில் சரிந்தது. நேர்மையாகப் படித்துச் சித்தியடைந்த ஆயிரக்கணக்கானோரின் சான்றிதழிலும் அந்தப் பெயரே இருந்தது.

இலங்கையில் தனியார் நிறுவனங்கள் சொந்தமாகப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவு வழிசெய்கிறது. 1985 இன் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு இங்கு கற்பிப்பது வேறு விடயம். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றது என்பதும், அதன் உள்ளூர்ப் பங்காளி தரமானது என்பதும் ஒன்றல்ல. விளம்பரங்கள் முன்னதைச் சொல்லிப் பின்னதையும் நம்பச் செய்கின்றன.

ஆகவே பணங்கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பாடவிதானத்தை வகுப்பவர் யார்? வினாத்தாள் தயாரித்து விடைத்தாள் திருத்துபவர் யார்? பட்டம் தரும் பல்கலைக்கழகத்தினர் கடைசியாக எந்த ஆண்டில் இங்கு வந்து பார்த்தனர்? இந்த உடன்படிக்கை நடுவழியில் முறிந்தால், ஏற்கெனவே சேர்ந்த மாணவர் படிப்பை முடிக்க எவர் பொறுப்பு? இறுதிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. கல்கத்தாத் தொடர்பு அறுந்த காலத்தில் வட்டுக்கோட்டை மாணவர்களுக்கு இலண்டன் என்ற மாற்று வழி இருந்தது. இன்று வீட்டை ஈடுவைத்தும், வெளிநாட்டு உறவினரிடம் கைநீட்டியும் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு மாற்று வழி இருக்குமென்ற உறுதியில்லை.