தமிழ்ச் சங்கம் ரோடு



மதுரை என்றாலே 'சங்கம் வளர்த்த ஊர்' என்று சொல்லி இரண்டாயிரம் வருடம் பின்னால் போய்விடுகிறோம். நான் சொல்ல வந்தது நூற்றுச் சொச்சம் வருடக் கதை. தமிழ்ச் சங்கம் ரோட்டில் இன்றும் கண்ணில் படுகிற கதை.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்குச் சொற்பொழிவுக்கு வந்தவர், எடுத்துப் பார்க்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். தேடியும் கிடைக்கவில்லை என்பார்கள். அந்த வேதனையில்தான் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். பாடசாலை, பாண்டியன் புத்தகசாலை, அச்சுக்கூடம், பண்டிதத் தேர்வுகள், 1902 கடைசியில் 'செந்தமிழ்' மாத இதழ் என்று வேலை நடந்தது. ஏட்டில் கிடந்த நூல்கள் அச்சேறின. 1911-இல், 44 வயதிலேயே தேவர் போய்விட்டார்.

அதே ரோட்டில் சிலையாக நிற்கும் சங்கரதாஸ் சுவாமிகளும் தேவரைப் போலவே 1867-இல் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் படித்தவர். ஆனால் இவர் தமிழைக் கொண்டுபோன இடம் நாடகக் கொட்டகை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்து, சிறுவர்களை வைத்தே நாடகம் போட்டார். 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடகக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பூரித்த செய்தி. (நாடகக் கம்பெனியிலும் பாடம் சொல்பவருக்கு 'வாத்தியார்' என்றுதான் பெயர். நம் இனம்தான்!)

இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால் பண்டிதர்கள் தேவரைத்தான் சொல்வார்கள். எனக்கோ என் அப்பத்தா ஞாபகம் வருகிறது. கைநாட்டுதான். ஆனால் 'வள்ளி திருமணம்' தர்க்கத்தில் வேலன் என்ன கேட்டான், வள்ளி எப்படி மடக்கினாள் என்று வரி பிசகாமல் சொல்லும். திருவிழாவில் விடிய விடிய மண்ணில் உட்கார்ந்து கேட்ட தமிழ் அது. 'செந்தமிழ்' இதழ் எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருக்க வழியில்லை.

அதற்காகப் பாய்ஸ் கம்பெனிகளை ஒரேயடியாகப் புகழவும் மனம் வரவில்லை. அண்ணன்மாரோடு அந்தச் சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் ஊர் ஊராக, ராத்திரி ராத்திரியாக வேஷம் கட்டினார்கள். அவர் 'அவ்வை' சண்முகமாக உயர்ந்தார். பெயர் தெரியாமல் போனவர்களே அதிகம். சுவாமிகளும் கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சிழந்து, 1922-இல் புதுச்சேரியில் காலமானார்.

சங்கத்து நூல்களாவது நூலகங்களில் இருக்கின்றன. நாடகக்காரர்களின் பாட்டு நோட்டுகள் வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன. அதிலும் ஊருக்கு ஊர் பாடம் வேறுபடும். ஒன்று போனால் போனதுதான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டாகவோ, ஆர்மோனியத்திலோ, மிருதங்கத்திலோ இருந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நோட்டு ஏதும் அகப்பட்டால் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கையெழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் பரீட்சைப் பேப்பரையே படித்தவன் நான்.