ராவணன் படுத்திருந்த தெரு

நான் முதன்முதலில் ராவணனைப் பார்த்தது மெட்ரோ ஜன்னல் வழியாக. துவாரகாவில் ஏறினால் நீலத் தடம் உத்தம் நகர், ஜனக்புரி, திலக் நகர் என்று தூண்களின் மேலேயே ஓடும். மொட்டைமாடிக் கொடிகளில் காயும் துணிகளைத் தவிர வேடிக்கை பார்க்க ஒன்றும் இருக்காது. அன்றைக்குத் தாகூர் கார்டன் நெருங்கும்போது கீழே நடைபாதை முழுக்கத் தலைகள். ஒவ்வொன்றும் கல்யாண வீட்டு அண்டாவைவிடப் பெரியது. முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக மல்லாந்து கிடந்தன. இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒருவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்துவிட்டது. சாயங்காலம் திரும்பும்போது அங்கேயே இறங்கிவிட்டேன்.

ஊர்ப் பெயர் தித்தார்பூர். தில்லி விழுங்கிவிட்ட கிராமங்களில் ஒன்று. தசராவுக்கு இரண்டு மாதம் முன்பே உத்தரப் பிரதேசம், பிகார், ஹரியானா, ராஜஸ்தான் பக்கமிருந்து ஆட்கள் வந்து இங்கே தார்ப்பாய் கட்டிவிடுகிறார்கள். மற்ற மாதங்களில் அவர்கள் கொத்தனார், பெயின்டர், தையல்காரர், கூலியாள். தசராவன்று எரிக்கும் ராவணனைக் கட்டும் இந்தத் தொழிலை இங்கே விதைத்தவர் என்று தெருவே கைகாட்டுவது ஒருவரைத்தான். உத்தரப் பிரதேசத்துச் சிக்கந்தராபாத்திலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய சுட்டன் லால். அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் விழிப்பார்கள். 'ராவண் வாலே பாபா' என்றால் உடனே தலையாட்டுவார்கள். அவரிடம் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று பெருகி, தில்லிக்கு ராவணன் வேண்டுமென்றால் போகும் இடமாக அந்தச் சாலையோரம் ஆகிவிட்டது.

ராவணன் எப்படிப் பிறக்கிறான் என்று அங்கே நின்று பார்த்தேன். முதலில் மூங்கில். அதைப் பிளாச்சுகளாக வகிர்ந்து, ஒருவர் காலால் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் வளைத்துக் கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடுகிறார். கோழிக்கூண்டு மாதிரி ஒன்று வருகிறது. அதன்மேல் பழைய சேலைத் துணி. சேலையின் மேல் மைதாப் பசை, பசையின் மேல் செய்தித்தாள், அது காய்ந்ததும் வண்ணக் காகிதம். பசை வாளியில் லேசாக நீலம் ஓடியது. மயில்துத்தமாம், பூச்சி அரிக்காமலிருக்க. நம்மூரில் ராத்திரி சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியிலும் அதே நீலம்தான். வாடைகூட அதேதான், ஒரு நொடி நான் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

முழு ராவணன் என்று ஒருவன் அந்தத் தெருவில் கிடையாது. பாவாடை ஒரு பக்கம், மார்பு ஒரு பக்கம், கைகள் கம்பி வேலியில் சாய்த்தபடி. லாரியில் ஏற்ற வேண்டுமே. தலைக்கணக்கு வேறு இடிக்கிறது. பத்துத் தலையில் ஒன்றை நடுவில் வைத்தால் இருபுறமும் சமமாக வராது. ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் ஐந்து என்றால் காற்றில் சாயும். அதனால் ஒன்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. மீசைக்குக் கறுப்புக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் "பையா, பத்தாவது எங்கே?" என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "பாயி சாப், அது வாங்குகிறவர் தோளில் இருக்கிறது."

பிறகுதான் "எத்தனை அடி வேண்டும்?" என்றார். அங்கே ராவணனுக்கு விலை அடிக்கணக்கில், ஜவுளிக்கடையில் மீட்டருக்கு விலை சொல்வதைப் போல. நான் சும்மா பார்க்க வந்தேன் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் உட்காரச் சொன்னார். இருட்டிவிட்டது. மண்ணெண்ணெய் வாடையும் ரொட்டி சுடும் வாடையும் கலந்து வந்தன. அவருடைய பையன், இன்னும் துணி போர்த்தாத ஒரு மார்புக்கூட்டுக்குள் கொசுவலையைக் கட்டிக்கொண்டிருந்தான். டெங்கு காலம். நாலு மூலைக்கும் விலா எலும்புகள் இருந்தன, முளைக்குச்சி தேட வேண்டியதில்லை. ராவணனின் நெஞ்சுக்குள் படுத்துத் தூங்கும் பிள்ளையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வாரத்தில்தான் அமெரிக்காவிலிருந்து என் அக்கா மகன் படம் அனுப்பினான். அவன் ஊருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ரினைசான்ஸ் சந்தை. தோல் பெல்ட்டும் தொளதொளச் சட்டையும் போட்டு, கையில் ஒரு வான்கோழிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு ராத்திரி அங்கேயே கூடாரத்தில் தங்கினானாம். 'நானூறு வருஷம் பின்னாடி போயிட்டு வந்தேன் மாமா. உங்க துவாரகால இதெல்லாம் எங்க?' என்று ஒரு சீண்டல் வேறு.

அவன் போய்வந்த மாதிரிச் சந்தைகளின் பிறப்பும் ரசமானதுதான். லாஸ் ஏஞ்சலிஸில் பில்லிஸ் பாட்டர்சன் என்ற பள்ளி ஆசிரியை, தன் வீட்டுக் கொல்லையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். இத்தாலியின் பழைய தெருக்கூத்து வடிவங்களை ஆடக் கற்றுக்கொடுத்தது, கூத்தோடு நிற்காமல் சந்தையாக வளர்ந்தது. 1963 மே 11, 12 தேதிகளில் அவரும் கணவர் ரானும் கே.பி.எஃப்.கே. என்ற வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரு பண்ணையில் பெரிதாக நடத்தினார்கள். சுமார் 8,000 பேர் வந்தார்கள். கொல்லைப்புறத்துப் பிள்ளை விளையாட்டு நாடு முழுக்கப் பரவியது. இன்றைக்கு ஒரு சந்தை முடிந்ததும் அடுத்த சந்தைக்குக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிற ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது. தங்களை 'ரென்னி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தித்தார்பூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் ஒரு டீயாவது வாங்கிக்கொடுப்பார்கள்.

மருமகனுக்கு நான் பதில் எழுதினேன். நீங்கள் நடிக்கும் காலம் முதலாம் எலிசபெத்தின் காலம். இங்கே துளசிதாசர் அயோத்தியில் ராமசரிதமானஸை எழுதத் தொடங்கியது 1574-இல். அப்போது ஷேக்ஸ்பியருக்குப் பத்து வயது, இந்தப் பக்கம் அக்பரின் ஆட்சி. துளசிதாசரின் வழியில் மேகா பகத் என்பவர் அதை லீலையாக ஆட வைத்தார் என்பது காசிக்காரர்கள் சொல்லும் வழக்கு. நீ வேடம் கட்டிக்கொண்டு தேடிப்போன நூற்றாண்டு, இங்கே வேடத்தைக் கலைக்காமலே நடந்துகொண்டிருக்கிறதடா என்றேன். வான்கோழிக் காலைப் பற்றியும் கேலி செய்ய நினைத்து, துவாரகா தசரா மேளாவின் ஆலு டிக்கி ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். வான்கோழி, உருளைக்கிழங்கு, மேலே தூவும் மிளகாய் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறியவை. பழங்காலத்தைக் கொண்டாடப் போகிறவர்கள் எங்கேயும் புதுச்சரக்கைத்தான் தின்கிறார்கள்.

கூடாரம் போட்டுத் தங்கி லீலை பார்ப்பது என்றால் அதற்குக் காசிக்கு எதிர்க்கரை ராம்நகர் போக வேண்டும். காசி மன்னர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த ராம்லீலா அது. 31 நாள். ஊர்தான் மேடை, ஒரு இடம் அயோத்தி, ஒரு இடம் ஜனகபுரி, தள்ளிப்போனால் இலங்கை. காட்சி மாற மாற ஜனம் எழுந்து நடக்கிறது. மின்விளக்கு கிடையாது, பெட்ரோமாக்ஸ்தான். மைக் கிடையாது. வசனத்துக்கு முன் 'சுப் ரஹோ, சாவதான்' என்று ஒரு குரல் எழும். ஆயிரக்கணக்கானவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். சாதுக்கள் மாதம் முழுக்க அங்கேயே முகாம் போட்டு, மானஸ் புத்தகத்தை மடியில் வைத்து விளக்கு வெளிச்சத்தில் வரி பார்த்துக்கொண்டே தொடர்கிறார்கள். யுனெஸ்கோ 2008-இல் ராம்லீலாவைத் தன் பட்டியலில் சேர்த்தது. அதனால் அந்தச் சாதுக்களின் சாப்பாட்டு நேரம்கூட மாறியிருக்காது.

மூங்கிலும் காகிதமும் ராவணனானது எப்படி என்பதில் எனக்கென்று ஒரு ஊகம் உண்டு. வட நாட்டில் மொகரத்துக்குத் தாஜியா கட்டுவதும் இதே மூங்கில், இதே காகிதம், இதே பசை. காசியிலும் வேறு பல ஊர்களிலும் தலைமுறையாக ராவணனைக் கட்டிவரும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. கைக்குப் பழகிய வேலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போயிருக்கும். விரல்களுக்கு என்ன தெரியும், இது யாருடைய திருநாள் என்று.

துவாரகாவுக்கு வருவோம். பாப்பன்கலான் என்று முன்பு அழைக்கப்பட்ட வயல்வெளியில் தில்லி வளர்ச்சி ஆணையம் கோடு போட்டு உண்டாக்கிய உபநகரம் இது. தெருவுக்குப் பெயரில்லை, செக்டர் எண்தான். மெட்ரோ வந்ததே 2005 டிசம்பர் 31-இல். யாருக்கும் இது சொந்த ஊரில்லை. அப்படிப்பட்ட ஊரில் புரட்டாசி, ஐப்பசி வந்தால் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பந்தலில் வங்காளிகளின் துர்க்கை, ஏழாவது மாடியில் நம் வீட்டுக் கொலு, பத்தாவது செக்டர் மைதானத்தில் ராம்லீலா. தில்லியின் பல ராம்லீலாக்களுக்கு மொராதாபாத்திலிருந்து நடிகர்கள் வருவது பழைய வழக்கம். பகலில் மேடைக்குப் பின்னால் போனால் தகரப் பெட்டிகளுக்கு நடுவே ஜடாயு பல் தேய்த்துக்கொண்டிருப்பார்.

இந்தப் பத்தாவது செக்டர் மேளாவுக்குப் பிரதமர் 2019-இலும் 2023-இலும் வந்தார். அதிலிருந்து அதன் நடையே வேறு. 2024-இல் 211 அடி ராவணன் என்று அறிவித்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷமில்லை. நாற்பது அடி ராவணனுக்கு முகம் இருக்கும். அண்ணாந்தால் கண்ணுக்குக் கண் பார்க்கலாம். இருநூறு அடியில் அது கட்டடம். வெடிக்குத் தடை வந்த வருஷங்களில் சில இடங்களில் ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் போட்டு எரித்தார்கள். சத்தம் ஒரு பக்கத்திலிருந்து வர, நெருப்பு மறுபக்கம் எரிவதைப் பார்க்கப் பழைய சினிமாவில் உதடும் வசனமும் சேராத மாதிரி இருக்கும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு நெருடல் இருக்கிறது, மறைப்பானேன். ராவணனை எரிப்பது என்றால் தமிழ்க் காதுக்கு வேறு ஒன்றும் கேட்கும். தில்லியில் நாட்டின் தலைவர்களே ராம்லீலாவுக்குப் போய் நிற்பதை எதிர்த்து, 1974 டிசம்பர் 25 அன்று சென்னை பெரியார் திடலில் மணியம்மையார் தலைமையில் 'இராவண லீலா' நடந்தது. ராமன், லட்சுமணன், சீதை உருவங்களை எரித்தார்கள். எங்கள் அடுக்ககத்துத் தமிழர்களில் மேளாவுக்கே வராதவர் ஒருவர் இருக்கிறார். "வீணை வாசிச்சவனைக் கொளுத்துறாங்க, நான் வந்து கைதட்டணுமா?" என்பார். பேரன் அழுதால் மட்டும் மைதான வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே கடலை வாங்கித் தின்றுகொண்டு நிற்பார்.

என்னை உறுத்தியது வேறு. தித்தார்பூரில் அந்த உருவம் மல்லாந்து கிடந்ததை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பல நாள் யோசித்தேன். பார்த்தது செஞ்சிப் பக்கம், திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அம்மா, பெரியம்மா, நாங்கள் எல்லாம் கட்டுச்சோற்றோடு போய்க் கோயில் மணலிலேயே பாய் விரித்துக்கொள்வோம். கட்டியக்காரன் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே தூங்கிப்போய், சண்டைக் காட்சிக்கு மத்தளம் அதிரும்போது விழிப்போம். கடைசி நாள் படுகளம். துரியோதனன் அங்கே நிற்கமாட்டான். களிமண்ணில், ஒரு வீட்டு நீளத்துக்கு, மண்ணிலேயே படுத்திருப்பான். தொடையில் கலயம் புதைத்துக் குங்குமத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். வேடம் கட்டிய பீமன் சுற்றிச் சுற்றி வந்து அடிப்பான். கலயம் உடையும். திரௌபதி கூந்தல் முடிவாள். அதோடு ஜனம் கயிற்றைத் தாண்டிப் பாயும், துரியோதனனின் மண்ணில் ஒரு பிடி அள்ள. அம்மா அதை முந்தானையில் முடிந்து வந்து நெல் குதிரில் போடுவாள். குதிர் குறையாதாம்.

அவன் பிறப்பதும் சாவதும் படுத்தபடியே. ராவணன் படுத்துப் பிறந்து, ஒரே ஒரு சாயங்காலத்துக்குக் கிரேன் வைத்து நிமிர்த்தப்படுகிறான்.

போன தசராவுக்கு நானும் பக்கத்து வீட்டுச் சர்மாஜியும் அவர் பேத்தியும் போயிருந்தோம். பத்தாவது செக்டருக்கு இல்லை, நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன மைதானம், முப்பதடி ராவணன். முந்தின நாள் மழையில் நனைந்து ஒரு கன்னம் உப்பியிருந்தது. அம்பு விட்டும் பற்றவில்லை. கடைசியில் ஒரு பையன் ஏணி போட்டுப் பாவாடைக்கு நெருப்பு வைத்தான். பிடித்தபின் நாலே நிமிஷம். சேலை முதலில் போனது, பிறகு காகிதம், பிறகு உள்ளே அந்தக் கூண்டு தெளிவாகத் தெரிந்தது, விலா விலாவாக. நான் கொசுவலை இருக்கிறதா என்று பார்த்தேன். விழுந்ததும் காவலுக்கு நின்றவர்களையும் மீறிச் சனம் உள்ளே பாய்ந்தது. சர்மாஜி, எழுபது வயதுக்காரர், செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் முனை கருகிய இரண்டு பிளாச்சுகள்.

"வீட்டில் வைத்தால் நல்லது, மதராஸி பாயி," என்று ஒன்றை என்னிடம் நீட்டினார். கம்பி முடிச்சு அதில் அப்படியே இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முகம் சுளித்தாள், சட்டையெல்லாம் புகை. கொலுவுக்கு ஆரத்தி எடுத்து முடித்திருந்தாள். சுண்டல் ஒரு கிண்ணம் மூடி வைத்திருந்தது. "நீங்க வருவீங்கன்னுதான் காத்திருந்தேன், இந்த ஒண்ணை மட்டும் செய்யுங்க" என்றாள். மேல்படியில் நின்ற மரப்பாச்சிப் பெருமாளை எடுத்து, விஜயதசமி ராத்திரி வழக்கப்படி, மெதுவாகப் படுக்க வைத்தேன்.