அரக்குத் தட்டில் தங்கிய குரல்

நம் பெற்றோர் காலத்தில் ‘பிளேட் கொடுத்தவர்’ என்று ஒரு சொல்வழக்கு இருந்தது. கச்சேரி செய்தவர் பலர். நாடக மேடையில் பாடியவர் அதனினும் பலர். அவர்களுள் கிராமபோன் கம்பெனியார் அழைத்துப் பாடவைத்து, இசைத்தட்டாக வெளியிட்ட குரலுக்கு உரியவர் சிலரே. அந்தச் சிலரையே மக்கள் அவ்வாறு குறிப்பிட்டனர். பாடகர் தம் குரலைக் கம்பெனிக்கு விற்றார் என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்தார் என்றே சொன்னார்கள். பேச்சுவழக்கில் பிறந்த இச்சொல்லில் ஓர் உண்மை பொதிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கொடுத்த பொருள் கொடுத்தவர் கையை விட்டுப் போய்விடுகிறது. பின்னர் அது யாரிடம் சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதே அதன் வரலாறு. திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் காவிரியின் இரு கரைகளிலும் கேட்ட சில குரல்களின் வரலாற்றை அந்த நோக்கில் இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இந்திய மண்ணில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. இலண்டனிலிருந்து வந்த பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காக அதனைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடைபெற்றன. தொடக்கத்தில் தென்னகத்தில் துணிந்து பிளேட் கொடுத்தவர்களுள் கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம் போன்ற பெண்மணிகளே முன்னின்றனர். சபைகளில் மதிப்புடன் வீற்றிருந்த ஆடவர் பலர் தயங்கினர். கண்ட இடத்திலெல்லாம் தம் பாட்டு ஒலிப்பதை அவர்கள் இழுக்கென நினைத்தனர். குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்ற அச்சமும் சிலரிடம் இருந்தது. சமூகம் மதிக்கத் தவறிய மகளிரே தம் குரலை முதலில் உலகுக்குக் கொடுத்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

1925-ஆம் ஆண்டையொட்டி மின் ஒலிவாங்கி வந்தது. அதற்கு முன் பெரிய ஊதுகுழலின் வாயருகே நின்று உரக்கக் கத்திப் பாட வேண்டியிருந்தது. ஒலிவாங்கியின் முன் மெல்லிய குழைவுகளும் பதிவாயின. 1928-இல் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பெரிய இசைத்தட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1931-இல் இங்கிலாந்தில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஒரே நிறுவனமாக இணைந்தன. நாய்ப்படம் போட்ட எச்.எம்.வி. தட்டும் கொலம்பியா தட்டும் கடையில் போட்டியிட்டாலும் அவற்றின் தாய்வீடு ஒன்றாயிற்று. தமிழ்நாட்டில் இவ்வணிகம் வளரத் துணைநின்றவர்களுள் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் குறிப்பிடத்தக்கவர். இவர் நண்பர்களுடன் சேர்ந்து 1932-இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஜெர்மானிய ஓடியன் தட்டுகளைத் தென்னகமெங்கும் பரப்பினார். பின்னாளில் படத்தயாரிப்பில் புகழ்பெற்ற ஏவி.எம். நிறுவனத்தின் விதை இசைத்தட்டுக் கடையில்தான் விழுந்தது.

அன்றைய ஒலிப்பதிவு எத்தகைய சோதனை என்பதை இன்றைய தலைமுறை அறிவது நல்லது. பத்து அங்குலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் அடங்கும். கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் இராகத்தை அந்த மூன்று நிமிடத்திற்குள் சுருக்கித் தர வேண்டும். பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒன்றாக அமர்ந்து, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாடும்போதே முள் மெழுகில் கீறிக்கொண்டு போகும். ஓரிடத்தில் பிழைத்தாலும் அந்த மெழுகு வீண். முதலிலிருந்து மீண்டும் பாட வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி காந்த நாடா வந்த பிறகே ஏற்பட்டது. மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்கும் கல்மாவும் கரியும் கலந்த கலவையில் அழுத்தித் தட்டு வார்த்தனர். அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரப்பது. உலகெங்கும் சுழன்ற தட்டுகள் பலவற்றில் இந்திய அரக்கு கலந்திருந்தது. கை தவறினால் நொறுங்கிப்போகும் அப்பொருளே மறைந்த மனிதர் பலரின் குரலை நமக்காகக் காத்து வைத்தது.

இனி, திருச்சிக்கு வருவோம். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1910-இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தார்; வளர்ந்தது திருச்சியில். இரயில்வே அதிகாரியும் நாடக ஆர்வலருமான எப்.ஜி. நடேச அய்யர் சிறுவனின் குரலைக் கேட்டு வியந்து, தம் ரசிக ரஞ்சன சபையின் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் தந்தார். மதுரை பொன்னு அய்யங்காரிடம் அவர் இசை பயின்றார். 1934-இல் வெளிவந்த பவளக்கொடி அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1937-இல் சிந்தாமணி, 1941-இல் அசோக்குமார், 1944-இல் ஹரிதாஸ் எனப் படங்கள் தொடர்ந்தன. சென்னை பிராட்வே திரையரங்கில் ஹரிதாஸ் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவனின் பாடல்களும், திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவிலில் பிறந்த ஜி. இராமநாதனின் இசைத்திறனும் அவருடைய குரலோடு சேர்ந்தன. படம் பார்க்கக் காசில்லாதவரும் அக்குரலை அறிந்திருந்தனர். தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கி வழியே தட்டு அதனைக் கொண்டு சேர்த்தது. திருச்சி வானொலி நிலையமும் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டிருந்தது. தட்டு வாங்க வசதியற்றவர்க்கு வானொலியே தட்டாயிற்று.

இந்தப் புகழின் உச்சியில்தான் இடி விழுந்தது. 1944 நவம்பரில் இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் டிசம்பரில் கைதாகி, 1945-இல் தண்டனை பெற்றனர். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையீடு சென்றது. வழக்கை மீண்டும் விசாரிக்க அது பணித்தது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர் எனக் கண்டு விடுதலை செய்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் சிறையில் இருந்தார்; அவருடைய குரலோ வெளியே இருந்தது. நீதிமன்றம் மனிதரைப் பூட்டி வைக்கலாம். தட்டில் ஏறிய குரலைப் பூட்டும் சிறை எங்கும் இல்லை. திருச்சியின் தெருக்களில் அது முன்போலவே கேட்டிருக்கும். ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறையிலிருந்து மீண்டவர் பழைய மனிதர் அல்லர். 1948-இல் ராஜமுக்தி, 1952-இல் அமரகவி, சியாமளா, 1957-இல் புதுவாழ்வு என்று முயன்றார். பழைய வெற்றி திரும்பவில்லை. மக்களின் காதில் 1944-இன் குரல் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் குரலோடு தமக்கே போட்டியிட வேண்டிய நிலை அவருக்கு வந்தது. தட்டுக்கு வயதாவதில்லை, தட்டுக்குக் குரல் கொடுத்தவருக்கு வயதாகிறது. நீரிழிவு நோயால் உடலும் பார்வையும் நலிந்து, 1959 நவம்பர் 1 அன்று, ஐம்பது வயதும் நிறையாத நிலையில், சென்னையில் அவர் காலமானார். அவரை வாழ்த்திய கூட்டம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. ஒருவருடைய கொடையை மட்டும் வைத்துக்கொண்டு கொடுத்தவரை மறந்துவிடுவது மனித இயல்பின் பழைய குறைகளுள் ஒன்று. கலைஞரிடத்து மட்டுமன்று, நம் இல்லத்து முதியோரிடத்தும் நாம் இக்குறையைக் காண்கிறோம்.

என்றாலும், கொடுத்த குரல் வீண்போகவில்லை. அது மதுரையில் ஓர் இளைஞரின் காதில் விழுந்தது. 1922-இல் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் முறையாக இசை பயின்றவர். எனினும் பாகவதரின் பாணி அவரை ஆட்கொண்டிருந்தது. பாகவதரைப் போலவே பாடுகிறார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பெயர். 1950-இல் வெளிவந்த கிருஷ்ண விஜயம் படத்தில் அவர் பாடிய முதல் திரைப்பாடலே பாகவதரின் பழைய பாடல் ஒன்றின் சாயலில் அமைந்தது. பாகவதரின் படங்கள் தோல்வி கண்ட ஆண்டுகளில், அவருடைய பாணி வேறொரு தொண்டையில் புதுவாழ்வு பெற்றது. துரோணரின் உருவத்தை மண்ணால் சமைத்து வில் பயின்ற ஏகலைவனைப் போல, எத்தனையோ இளைஞர் தட்டை ஆசானாக வைத்துப் பாடப் பழகிய காலம் அது. குருவின் வாயிற்படியை மிதிக்க இயலாதவர்க்கும் தட்டு வித்தை தந்தது. சாதி கேட்கவில்லை, தட்சிணை கேட்கவில்லை. சௌந்தரராஜன் பின்னர் அந்தச் சாயலைக் கடந்து, தமக்கென்று ஒரு கம்பீரமான பாணி கண்டதையும் நாம் அறிவோம்.

இங்கே கதை மீண்டும் காவிரிக் கரைக்குத் திரும்புகிறது. இம்முறை வட கரையில், ஏழு மதில்கள் சூழ்ந்த திருவரங்கத்தில், ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ரங்கராஜன், பிற்காலத்தில் கவிஞர் வாலி எனப் புகழ்பெற்றவர். 1931-இல் பிறந்த அவர் திருச்சி வானொலிக்கு எழுதி வந்தார். திரையுலகில் அவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. முருகப் பெருமானைப் பற்றிய பாடல் ஒன்றை அவர் அஞ்சலட்டையில் எழுதிச் சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். முன்னணிப் பாடகர் ஒருவர் பெயர் அறியாத இளைஞரின் அஞ்சலட்டையை ஒதுக்கிவிடுவதே உலக வழக்கம். இவரோ தாமே மெட்டமைத்துப் பாடினார். இசைத்தட்டாக வந்த அப்பாடல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் வீடுகளில் ஒலித்து வருகிறது. வைணவத் திருநகரில் வளர்ந்த ஒருவர் முருகனைப் பாட, சௌராஷ்டிரர் ஒருவர் அதற்குக் குரல் கொடுக்க, எல்லாச் சமயத்தவரும் காலை நேர வானொலியில் அதைக் கேட்டனர். நம் கத்தோலிக்க இல்லங்களிலும் அதை அறியாதவர் குறைவு.

1952 முதல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்கு இடத்தைச் சுருக்கியது. நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். திரைப்படம் சாராத பக்திப் பாடல்களுக்கோ நம் வானொலியில் தடை இல்லை. ஆகவே கம்பெனியார் தனிப்பாடல் தட்டுகளைத் தொடர்ந்து வெளியிட்டனர். ஓரிடத்தில் கதவு சாத்தியதால் மற்றோரிடத்தில் இப்படி ஒரு சாளரம் திறந்தது. சௌந்தரராஜன் 2013 மே 25 அன்றும், வாலி அதே ஆண்டு ஜூலை 18 அன்றும் மறைந்தனர். ஓர் அஞ்சலட்டையால் இணைந்த இருவரும் இரண்டு மாத இடைவெளிக்குள் விடைபெற்றனர்.

திருச்சியில் வளர்ந்த குரல் மதுரைக்குப் போனது. மதுரைக் குரல் திருவரங்கத்துச் சொல்லை ஏந்திக்கொண்டு உலகத்தமிழரிடம் போனது. இந்தச் சங்கிலியில் அரக்குத் தட்டு ஒரு கண்ணி. செவிமடுத்த மனிதர் மற்றொரு கண்ணி. கேட்டவர் உள்ளத்தில் இடம்பெறாத குரல் அரக்கில் இருந்தும் இறந்ததே.

பெயர் இல்லாத கண்ணிகளும் இச்சங்கிலியில் உண்டு. பழைய தட்டுகளின் நடுவே ஒட்டிய வட்டத்தாளைப் பாருங்கள். பாடியவர் பெயர் இருக்கும். இராகம், தாளம் இருக்கும். வயலின் வாசித்தவர் யார், மிருதங்கம் வாசித்தவர் யார் என்பது பெரும்பாலும் இராது. பாட்டு எழுதியவர் பெயரும் பலவற்றில் இல்லை. மெழுகைச் சூடாக்கிப் பதம் பார்த்தவர், அச்சு எடுத்தவர், தட்டை வார்த்தெடுத்த தொழிலாளர் ஆகியோரின் பெயர்கள் எந்தத் தாளிலும் ஏறவில்லை. இருந்தும் நாம் இன்று கேட்கும் மூன்று நிமிட இசையில் அவர்கள் அனைவருடைய உழைப்பும் அடங்கியிருக்கிறது. பேரும் புகழும் வேண்டாது கொடுத்தவர் அவர்களே.

1970-களின் தொடக்கத்தில் 78 சுழல் தட்டுகள் நம் நாட்டில் வழக்கொழிந்தன. நீள்தட்டும் ஒலிநாடாவும் குறுந்தகடும் அடுத்தடுத்து வந்து மறைந்தன. கிராமபோன் கம்பெனி இன்று சரிகம என்ற பெயரில் இயங்குகிறது. பாகவதரின் பாடலை இப்போது கைப்பேசியில் நொடியில் கேட்கலாம். ஆயினும் மறுபதிப்புக் காணாத தட்டுகள் எத்தனையோ பரணிலும் பழைய பெட்டியிலும் கிடக்கின்றன. பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுக்கப்படுகின்றன. அவற்றுள் எந்தக் குரலின் ஒரே எஞ்சிய சான்று நொறுங்குகிறது என்று யாரால் சொல்ல முடியும்? சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை இத்தகைய தட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பேணி வருகின்றன. நம் வீட்டில் ஒன்றிரண்டு இருப்பின், விலை கேட்கும் முன், காப்பவரிடம் காட்டுவது நம் கடமை.

மற்றொரு கடமையும் உண்டு. பங்குகளில் பாஸ்கு பாடிய முதியோரும், தவக்காலத்தில் வீடுதோறும் ஒப்பாரி பாடிய அன்னையரும் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்களை எந்தக் கம்பெனியும் அழைத்துப் பாடவைக்கவில்லை. ஒரு காலத்தில் குரலைப் பதிக்க டம்டம்மில் தொழிற்சாலை வேண்டியிருந்தது. இன்று அதற்கான கருவி நம் சட்டைப்பையில் இருக்கிறது. அவர்கள் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். பெற்றுக்கொள்ள நாம் அவர்கள் அருகே சிறிது நேரம் அமர வேண்டும், அவ்வளவே.