அடுப்படி விதிகளின் வரலாறு

சமையல் எரிவாயுச் சிலிண்டரை மாற்றும் வேளையில் ஒரு கணம் மூக்கிலேறும் அழுகல் நாற்றம், எரிவாயுவுக்கு இயல்பான குணம் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். உண்மை அதுவன்று. சமையலுக்குப் பயன்படும் புரொப்பேனும் பியூட்டேனும் நிறமற்றவை. மணமும் ஏறக்குறைய அற்றவை. எதைல் மேர்கப்டன் என்னும் கந்தகச் சேர்வையை மிகச் சிறிய அளவிற் கலந்தே அவற்றுக்கு அந்நாற்றம் ஊட்டப்படுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத ஆபத்தை மூக்காவது அறியட்டும் என்பதே நோக்கம்.

காஸ் அடுப்பை எவ்வாறு கையாள்வது, எவ்வாறு பேணுவது என்பன பற்றித் துண்டுப்பிரசுரங்கள் பல வெளிவருகின்றன. அவற்றிலே விதிகள் உண்டு. விதிகளின் வரலாறு இல்லை. வரலாற்றிலிருந்து பிரிக்கப்பட்ட விதி வெறும் கட்டளையாகிவிடுகின்றது. விபத்து நேர்ந்தவுடன், கட்டளையை மீறிய இல்லத்தரசியே குற்றவாளியாக நிறுத்தப்படுகின்றாள். விதிகளை அவை பிறந்த சூழலில் வைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். அடுப்பின் பாதுகாப்பிற் பாதியே அடுப்படியில் இருக்கின்றது. மறுபாதி தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் கணக்குப் புத்தகத்திலும் சட்டமன்றத்திலும் இருக்கின்றது. இவ்வுண்மையை மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்க முயல்வோம்.

1

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கிழக்குப் பகுதியிலே நியூ லண்டன் என்றொரு சிற்றூர் உண்டு. 1930ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்திலே பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. நாடு முழுவதும் பொருளாதார மந்தத்திலே தவித்த அக்காலத்தில், எண்ணெய் வரியால் வளம்பெற்ற அவ்வூர்ப் பாடசாலை, கிராமப்புறப் பாடசாலைகளுட் செல்வம் மிக்கவற்றுள் ஒன்றாகத் திகழ்ந்தது. வகுப்பறைகளைக் குளிர்காலத்தில் வெப்பமூட்ட வாயுக் கணப்புகள் பொருத்தப்பட்டிருந்தன.

1937ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பாடசாலை நிர்வாகம் விலைக்கு வாங்கிய வாயுவை நிறுத்திற்று. மாதம் சுமார் 300 டொலரை மிச்சம்பிடிக்கும் பொருட்டு, எண்ணெய்க் கிணறுகளின் கழிவு வாயுவைக் கொண்டுசென்ற குழாயொன்றிலிருந்து இணைப்பு எடுத்துக்கொண்டது. அவ்வட்டாரத்திலே வேறு பலரும் அவ்வாறே செய்துவந்தனர். கசிந்த வாயு கட்டடத்தின் தரைக்குக் கீழிருந்த இடைவெளியிலே தேங்கியது. நாற்றம் இல்லாமையால் எவரும் அறியவில்லை. மார்ச் 18ஆம் நாள் பிற்பகல், பாடசாலை விடுவதற்குச் சிறிது நேரமே இருந்தபோது, தொழிற்கல்வி ஆசிரியர் மரம் தேய்க்கும் மின்னியந்திரத்தை இயக்கினார். அதிலெழுந்த சிறு தீப்பொறி போதுமாயிருந்தது. கட்டடம் வெடித்துச் சரிந்தது. ஏறத்தாழ 300 உயிர்கள் அழிந்தன. அவர்களுட் பெரும்பாலோர் மாணவர்.

வாயுவுக்கு நாற்றமூட்டும் முறை அன்று அறியப்படாத ஒன்றன்று. ஜெர்மனியிலே 1880களிலேயே அது கையாளப்பட்டிருந்தது. ஆகவே குறைந்திருந்தது அறிவன்று. அறிவைப் பயன்படுத்துமாறு விற்பவரையும் வழங்குபவரையும் கட்டாயப்படுத்தும் சட்டமே. அச்சட்டத்தை டெக்சாஸ் மாநிலம் அவ்வாண்டிலேயே இயற்றிற்று. அவ்வழக்கம் பின்னர் பிறவிடங்களுக்கும் பரவியது. நமது குசினியில் வீசும் நாற்றத்தின் பின்னே வகுப்பறையிலிருந்து வீடு திரும்பாத பிள்ளைகள் இருக்கின்றனர்.

இதனை அறிந்தவர்க்கு, நாற்றம் வந்தால் ஆற்றவேண்டியன யாவை என்பதை மனனஞ் செய்யவேண்டியதில்லை. காரணம் தானே வழிகாட்டும். மின்னாளியைத் தொடலாகாது; போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் தீப்பொறி எழும். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எரியட்டும். தீக்குச்சியும் கூடாது, குப்பிவிளக்கோ ஊதுபத்தியோ பக்கத்தில் எரியவும் கூடாது. சிலிண்டரின் வாயை மூடி, கதவு யன்னல்களை அகலத் திறந்து, வீட்டிலுள்ளோரை வெளியேற்றி, நாற்றம் முற்றாக நீங்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் ஏறக்குறைய இரு மடங்கும் பாரமானவை. கசிந்த வாயு கூரையை நோக்கி எழாது; தண்ணீரைப்போலத் தரையிற் பரவிப் பள்ளத்திலே தங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும் நிலையை அடைகின்றது. ஆகையாற் சிலிண்டரைக் குழியிலோ, மூடிய அலுமாரியிலோ, தாழ்வாரத்து வடிகாலின் அருகிலோ வைத்தல் தகாது. உயரத்தில் யன்னல் இருந்தாற் போதாது. தரைமட்டத்திலும் காற்று வெளியேற வழி வேண்டும்.

2

பிரித்தானியாவிலே நிலக்கரியிலிருந்து வாயு வடித்து முதலிலே தெருக்களுக்கு ஒளியூட்டினர். பின்னரே அது அடுப்புக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாணயம் இட்டால் அதன் மதிப்புக்கேற்ப வாயு வழங்கும் மீற்றர்கள் தோன்றிய பின்னரே தொழிலாளர் வீடுகளிலும் காஸ் அடுப்பு பரவலாயிற்று. கரியும் புகையும் சாம்பலும் அகன்றன. பெண்ணின் உழைப்புச் சிறிது குறைந்தது. இம்முன்னேற்றத்தை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் தொழிலாளரைச் சென்றடையும் வசதி மலிவுப் பதிப்பாகவே சென்றடைகின்றது என்பதற்கு அந்நாட்டிலேயே பிற்காலத்திற் சான்று கிடைத்தது.

கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியிலே, போருக்குப்பின் நிலவிய வீட்டுப் பஞ்சத்தைப் போக்க எழுப்பப்பட்ட கட்டடங்களுள் ஒன்று ரோணன் பொயின்ற். 22 மாடிகள். தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரைவாகவும் மலிவாகவும் கட்டப்பட்டது. 1968ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் விடியற்காலை, 18ஆம் மாடியிற் குடியிருந்த பெண்ணொருத்தி தேநீர் வைக்க எண்ணித் தீக்குச்சியை உரசினாள். கசிந்திருந்த வாயு வெடித்தது. சுவர்ப் பலகைகள் வெளியே தள்ளப்பட, மேல் மாடிகள் ஆதாரமிழந்து விழுந்தன. அவற்றின் பாரத்தாற் கீழ் மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் இடிந்து, நால்வர் இறந்தனர். தீக்குச்சியை உரசியவள் உயிர் தப்பினாள். வெடிப்பு அத்துணை வலியதன்று, கட்டடமே வலிமையற்றது.

வாயு கசிந்த இடத்தை விசாரணைக் குழு கண்டறிந்தது. அடுப்பையும் வாயுக் குழாயையும் இணைத்த பித்தளை நட்டு ஒன்று தரங்குறைந்ததாயிருந்து உடைந்திருந்தது. கைக்குள் அடங்கும் ஒரு நட்டின் தரக்குறைவும் 22 மாடிக் கட்டடத்தின் தரக்குறைவும் ஒரே விடியலில் வெளிப்பட்டன. ஒரு மூலையில் நேரும் சேதம் கட்டடம் முழுவதையும் தொடர்ந்து சரிக்காத வகையில் உயர்ந்த கட்டடங்களை அமைக்கவேண்டும் என்று 1970இற் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. வாயு இணைப்புகளுக்கான பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 1972இல் வந்தன. திருத்தியமைக்கப்பட்ட ரோணன் பொயின்ற் 1986இற் கழற்றப்பட்டபோது, அதன் மூட்டுகள் எத்துணைக் கவனயீனமாகக் கட்டப்பட்டிருந்தன என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது.

இணைப்பைச் சோதித்தல் என்னும் விதியின் பொருள் இதுதான். வாயு கசிவது பெரும்பாலும் மூட்டுகளிலேயே: சிலிண்டரின் வாயும் றெகுலேற்றரும் சேருமிடம், றெகுலேற்றரும் இறப்பர்க் குழாயும் சேருமிடம், குழாயும் அடுப்பும் சேருமிடம். சவர்க்காரத்தைத் தண்ணீரிற் கரைத்து அம்மூன்றிடங்களிலும் தடவிப் பார்த்தாற் போதும். குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடுதல் உயிரோடு விளையாடுதலாகும். குழாயை வளைத்துப் பார்த்து வெடிப்புத் தென்பட்டாலோ, இறுகி விறைத்திருந்தாலோ, அதிற் குறித்த காலம் கடந்திருந்தாலோ உடனே மாற்றுதல் வேண்டும். அடுப்பின் அடியாலோ சூடேறும் பகுதியாலோ அதனைக் கொண்டுசெல்லலாகாது. இரு முனைகளிலும் பட்டிகள் இறுக்கமாக இருத்தல் வேண்டும். கம்பியாலோ நூலாலோ கட்டுவது இணைப்பாகாது.

3

மூன்றாவது நிகழ்ச்சி நமது நாட்டிலே நிகழ்ந்தது. 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களிலே இலங்கையின் பல பகுதிகளிலும் காஸ் அடுப்புகள் வெடித்தன, கண்ணாடித் தட்டுகள் சிதறின, வீடுகள் தீப்பற்றின, உயிர்களும் போயின. ஒவ்வொரு நாளும் புதிய செய்தி வந்தது. அடுப்பை மூட்டவே மக்கள் அஞ்சினர். சிலிண்டரை முற்றத்திலே வைத்துச் சமைத்தவரும் உண்டு.

முதலில் எழுந்த விளக்கம் பழகிய விளக்கமே: குழாய் பழுது, றெகுலேற்றர் தரமற்றது, பாவனையாளர் கவனமற்றவர். இதில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் கூறமாட்டோம். பழைய குழாய்கள் வீடுகளில் இருந்தது மெய்யே. ஆனால் அதே குழாயும் அதே றெகுலேற்றரும் முந்திய மாதங்களிலும் இருந்தனவே. நாடெங்கும் ஒரே காலத்தில் அவை பழுதடைந்தது எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பியோர் சிலிண்டருக்குள்ளே என்ன இருக்கின்றது என்பதை நோக்கினர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகேயின் தலைமையில் அமைக்கப்பட்ட விசேட குழு, வாயுவின் சேர்மானத்தில் ஏற்பட்ட மாற்றத்தையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. புரொப்பேனின் பங்கு கூடியிருந்தது.

இது ஏன் முக்கியம்? பியூட்டேன் கிட்டத்தட்ட பாகை பூச்சியத்திற் கொதிக்கும். புரொப்பேனோ பூச்சியத்துக்கு 42 பாகை கீழேயே கொதித்துவிடும். நமது நாட்டின் வெப்பத்திலே மூடிய சிலிண்டருக்குள் புரொப்பேன் உண்டாக்கும் அமுக்கம் பியூட்டேனைப்போல மூன்று மடங்குக்கு மேற்பட்டது. பங்கு மாறினால் அமுக்கம் மாறும். ஒரு சேர்மானத்துக்குப் பழகி ஓரளவு தேய்ந்த இணைப்பு, மற்றொரு சேர்மானத்தின் அமுக்கத்தைத் தாங்காது போகலாம். சிலிண்டரின் நிறமும் எடையும் மாறவில்லை. உள்ளிருந்தது மாறியது. அதனை வாங்கிச் சென்ற பெண் எந்தக் கவனத்தாலும் அதனை அறிந்திருக்க முடியாது. சேர்மானத்தைச் சிலிண்டரின்மேற் குறிப்பிடவேண்டும் என்ற எளிய கோரிக்கைகூட நீதிமன்றம்வரை செல்லவேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு, 2022இல், அந்நியச் செலாவணி நெருக்கடியால் எரிவாயுவே கிடைக்காமற் போனது. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியாற் பிணைத்து மக்கள் வரிசையில் நின்றனர். பலர் விறகடுப்புக்குத் திரும்பினர். விறகடுப்போ பாதுகாப்பானதன்று. காற்றோட்டமற்ற லயத்து அறையிலும் ஓலைக் குடிசையிலும் அதன் புகை, பெண்களின் நெஞ்சையும் கண்ணையும் ஓசையின்றி அரிக்கின்றது. வெடித்த அடுப்பு செய்தியாகின்றது. புகைத்த அடுப்பு செய்தியாவதில்லை. எனவே எரிவாயுவை அஞ்சி விலக்குதல் தீர்வன்று. அதனைப் பாதுகாப்பாக, அனைவர்க்கும் எட்டும் விலையிற் பெறும் உரிமையே தீர்வு.

4

நாளாந்தம் செய்யவேண்டியவை சிலவே. தீக்குச்சியை முதலிற் கொளுத்திய பின்னரே அடுப்பின் திருகியைத் திறத்தல். பற்றாவிடில் உடனே மூடி, வாயு கலைந்தபின் மீண்டும் முயலுதல். பால் பொங்கிச் சுடரை அணைத்தாலும் வாயு தொடர்ந்து வருமாதலால் அடுப்பை விட்டகலாதிருத்தல். வேலை முடிந்ததும் அடுப்பின் திருகியோடு நில்லாது றெகுலேற்றரையும் மூடுதல். சுடர் நீலமாக இருத்தல் நலம். மஞ்சளாக மாறிப் பாத்திரத்திற் கரி படிந்தால், வாயு முற்றாக எரியவில்லை என்பது பொருள். அப்பொழுது நாற்றமற்ற நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டு உண்டாகின்றது. அடுப்பு ஆறியபின் பேணரைக் கழற்றி, துளைகளை அடைத்த எண்ணெயையும் சோற்றுக் கஞ்சியையும் அகற்றி, நன்கு உலர்த்திப் பூட்டவேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். வாயு முடியுந் தறுவாயில் அதனைச் சரித்து வைத்தலும் வெந்நீரில் நிறுத்துதலும் நம்மிடையே காணப்படும் வழக்கங்கள். சரித்தால் திரவமே குழாய்க்குள் வரும். அது வாயுவாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். மிச்சம்பிடிக்கும் ஒரு நேரச் சமையலுக்கு அது பெரிய விலை.

இவற்றைப் பாடசாலையிற் கற்பிக்க முடியாதா? அமுக்கம், அடர்த்தி, தகனம் ஆகிய பாடங்களை விஞ்ஞான வகுப்பிலே படிப்பிக்கின்றோம். அடுப்பை மனையியல் வகுப்புக்கு ஒதுக்கி, அதனையும் மாணவியரின் பாடமென்று கருதிக்கொள்கின்றோம். இப்பிரிவினை அறிவையும் பயன்பாட்டையும் பிரிக்கின்றது; ஆணையும் அடுப்பையும் பிரிக்கின்றது. சவர்க்காரத் தண்ணீரால் மூட்டைச் சோதிக்க மாணவனும் அறியட்டும். சிலிண்டரின்மேல் ஏன் சேர்மானம் எழுதப்படவேண்டும் எனக் கேட்க மாணவியும் அறியட்டும்.

நட்டை இறுக்குவது நமது கடன். தரமான நட்டைச் செய்வது தொழிற்சாலையின் கடன். செய்யாதவனைக் கேட்பது அரசின் கடன். நியூ லண்டனிலும் ரோணன் பொயின்றிலும் இக்கேள்வி சாவுக்குப் பின்னரே எழுந்தது. நாமும் 2021இற் பிந்தியே கேட்டோம். இனி வரும் சிலிண்டரைப் பூட்டுமுன், குழாயில் உள்ள திகதியைப் பார்ப்பதோடு, அதனுள்ளே என்ன இருக்கின்றது என்று விற்பவரிடம் கேட்கவும் பழகுவோம்.