ஸ்டார்ட்அப் தொடங்க வேலையை விடுறீங்களா? அதற்கு முன் கணவன் - மனைவி பேச வேண்டிய 4 விஷயங்கள்!

"வேலையை விட்டுட்டு சொந்தமா கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்." முதலீட்டாளரிடம் தைரியமாகச் சொல்லும் பலரும் வீட்டில் இதைச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் ஸ்டார்ட்அப்பின் முதல் ரிஸ்க்கை எடுப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்தான்.

1981-ல் இன்ஃபோசிஸ் தொடங்க, நாராயண மூர்த்திக்கு மனைவி சுதா மூர்த்தி தன் சேமிப்பில் இருந்து ரூ.10,000 கொடுத்தது தெரிந்த கதை. இருவரில் ஒருவர்தான் நிறுவனத்தில் இருக்கலாம் என மூர்த்தி சொன்னதால், இன்ஜினியரான சுதா ஒதுங்கினார். அந்த எண்ணம் தவறு என்று பல ஆண்டுகள் கழித்து மூர்த்தியே பேட்டியில் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால், என்னவெல்லாம் முன்கூட்டியே பேச வேண்டும்?

1. எத்தனை மாசம்?

வாடகை, பள்ளிக் கட்டணம், இஎம்ஐ எல்லாம் சேர்த்து மாதம் ரூ.40,000 ஆகிறது என்றால், ஓராண்டுக்கு ரூ.4.80 லட்சம் வேண்டும். இந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். தொழிலுக்கு அவசரம் என்றாலும் அதில் கை வைக்கக் கூடாது. எந்தத் தேதிக்குள் வருமானம் வராவிட்டால் மறுபடி வேலைக்குப் போவது என்பதையும் இப்போதே முடிவு பண்ணுங்க.

2. நகை யாருடையது?

திருமணத்தில் பெண்ணுக்கு வந்த நகை, பணம் (சீதனம்) முழுக்க அவருடைய சொத்து. கஷ்ட காலத்தில் கணவர் பயன்படுத்தினாலும், அதைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என 2024-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே மனைவி சம்மதித்து நகையைக் கொடுத்தாலும், எவ்வளவு, எப்போது திருப்புவது என்று எழுதி வைப்பது நல்லது.

3. கையெழுத்து போடும் முன்...

தனிநபர் நிறுவனமாக நடத்தினால், தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். பிரைவேட் லிமிடெட் என்றால் பொறுப்பு பொதுவாக முதலீட்டோடு நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கு நீங்களோ உங்கள் துணையோ தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால், அந்தப் பாதுகாப்பு போயிடும். கம்பெனியால் கட்ட முடியாத கடனை உங்களிடம் கேட்பார்கள்.

4. உதவியா, வேலையா?

கணக்கு எழுதுவது, ஆர்டர் பேக் செய்வது எல்லாம் 'சும்மா ஒரு ஹெல்ப்' என்றுதான் தொடங்கும். அது தினசரி வேலையாக மாறினால் சம்பளமோ பங்கோ கொடுங்கள். ஷேர் கொடுப்பதாக இருந்தால் வாய்வார்த்தை போதாது, கம்பெனி பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும்.

நேரம் கொடுக்க முடியாத மாதங்கள் வரத்தான் செய்யும். அதை வீடு பொறுத்துக்கொள்ளும். மறைத்து வாங்கிய கடன் ஒருநாள் தெரியவரும்போதுதான் நம்பிக்கை உடையும். அதனால் மாதம் ஒருமுறை கம்பெனி கணக்கை வீட்டிலும் திறந்து காட்டுங்கள், நஷ்டமாக இருந்தாலும்!