பழைய வண்டிக்கு விலை சொல்வது யார்?



சென்ற பதிவில் லண்டன் காபிக்கடையில் கப்பல் இன்சூரன்ஸ் வளர்ந்த கதையை எழுதியபோது, "பழைய காருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு" என்று ஒரு வரியோடு விட்டிருந்தேன். அதை விரிவாக எழுதச் சொல்லி ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். கேட்டவர்களில் மூன்று பேர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி இன்னும் தார்ப்பாய்க்குள் நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கோர்ட்டுக் கதை.

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டும் கார் பந்தயம் ஒன்று உண்டு. 1929-லும் 1930-லும் அதில் ஜெயித்தது ஒரே கார். இங்கிலாந்தின் பென்ட்லி கம்பெனி செய்த 'ஸ்பீட் சிக்ஸ்' வகை வண்டி. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பது அதன் செல்லப்பெயர். இரண்டு முறையும் அதை ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரத்தில் பணம் சேர்த்த குடும்பத்து வாரிசு. பென்ட்லி கம்பெனியின் சேர்மனும் அவர்தான். முதலாளியே டிரைவர்!

பந்தயக் காருக்கு ஓய்வு கிடையாது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஏதாவது ஒரு பாகம் மாறும். 1932-ல் புரூக்லேண்ட்ஸ் 500 மைல் பந்தயத்துக்கு வந்தபோது அதில் 8 லிட்டர் என்ஜின் ஏறியிருந்தது. அன்று அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ, பந்தயப் பாதையின் மேட்டு வளைவைத் தாண்டி விழுந்து இறந்துபோனார். நொறுங்கிய வண்டியை பர்னாட்டோ குப்பையில் போடவில்லை. சாலையில் ஓட்டுகிற மூடிய காராக மாற்றிக் கட்டச் சொன்னார். அதன்பின் பல கைகள் மாறி, கடைசியில் ஹப்பர்ட் என்பவரிடம் வந்து, மறுபடியும் பழைய பந்தயக் கார் தோற்றத்துக்குத் திரும்பியது.

1990-ல் ஹப்பர்ட் அதை ஒரு கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். விலை சுமார் ஒரு கோடி பவுண்டு. வாங்க வந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். "இது அந்த ஓல்ட் நம்பர் ஒன்னே இல்லை. பாதிக்கு மேல் வேறு பாகங்கள்" என்பது அவர்கள் வாதம். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆட்டன் விசாரித்தார்.

அவர் செய்த வேலையைப் படித்தபோது ஒரு நல்ல கணக்கு வாத்தியார் ஞாபகம்தான் வந்தது. வண்டியைப் பாகம் பாகமாக எண்ணிப் பார்த்தார். 1929-ல் ஜெயித்த வண்டியிலிருந்து கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சவில்லை என்று ஒப்புக்கொண்டார். 1930 வண்டியிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸின் மேற்கூடு, ஸ்டியரிங் தண்டு போன்ற சில பாகங்கள்தான். 1932 வண்டியிலிருந்து சேஸிஸ், என்ஜின் உட்பட ஓரளவு உண்டு. ஆகவே 'ஒரிஜினல்' என்று இதைச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இந்த வண்டி எந்த ஒரு நாளிலும் இல்லாமல் போய்விடவில்லை. ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை அதன் இடத்தில் வைத்ததும் இல்லை. அதன் வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்திருக்கிறது. எனவே 'உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பெயருக்கு இதுதான் உரியது என்று ஹப்பர்ட் பக்கம் தீர்ப்பளித்தார்.

இதில் நமக்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் எரிந்துபோய், பிறகு புதிதாகச் செய்யப்பட்டது. வடம் பிடிக்கிற யாராவது "இது வேறு தேர்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தேருக்கு விலை கிடையாது, அதனால் வழக்கும் இல்லை. காருக்கு விலை உண்டு. விலை என்று வந்தவுடன் 'அதே வண்டியா?' என்ற கேள்வி கோடிக்கணக்கான பணத்தின் கேள்வியாகிவிடுகிறது.

பழைய வண்டி மதிப்பீட்டின் அடிப்படையே இந்த வழக்கில் இருக்கிறது. இரும்பின் எடைக்கு விலை இல்லை. எத்தனை மைல் ஓடியது என்பதும் பெரிய விஷயமில்லை. வண்டி எங்கே பிறந்தது, யார் யார் கையில் இருந்தது, எப்போது என்ன மாறியது, அதற்குக் காகிதம் இருக்கிறதா என்பதற்குத்தான் விலை. ஃபெராரி கம்பெனி 1962 முதல் 1964 வரை '250 ஜி.டி.ஓ.' என்று 36 கார்கள் செய்தது. அதில் ஒன்று 2018-ல் கலிபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. அதே போல ஒன்றை இன்றைக்கு ஒரு நல்ல பட்டறையில் அச்சு அசலாகச் செய்துவிட முடியும். ஆனால் அதற்கு அந்த விலையில் சிறு பங்குகூடக் கிடைக்காது.

சரி, இப்போது கப்பலுக்கு வருகிறேன்.

நடுக்கடலில் கப்பல் மூழ்கிவிட்டால் அதன் விலையை எப்படிக் கணக்கிடுவது? பார்க்கக் கப்பலே இல்லை. ஒவ்வொரு கப்பலும் வேறு மாதிரி. சந்தை விலை என்று ஒன்றைக் கை காட்ட முடியாது. ஆகவே கடல் வணிகர்கள் ஒரு வழி கண்டார்கள். கப்பல் புறப்படும் முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து ஒரு தொகையை ஒப்புக்கொண்டு பாலிசியில் எழுதிவிடுவது. மோசடி இல்லாதவரை பிறகு அந்தத் தொகையைப் பற்றி யாரும் பேசக்கூடாது. பிரிட்டனின் 1906 கடல் காப்பீட்டுச் சட்டத்திலும் நம் நாட்டின் 1963 சட்டத்திலும் இது இருக்கிறது. 'மதிப்பு குறித்த பாலிசி' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் இன்சூரன்ஸ் பிறந்தபோது இந்த வழி தேவைப்படவில்லை. கார் என்பது தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்யப்படுவது. ஒன்று போனால் அதே போல் இன்னொன்று வாங்கலாம். புதிய விலையில் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்தால் கணக்கு முடிந்தது. ஆனால் ஐம்பது அறுபது வருடம் ஆனபின் அந்தக் கார் மறுபடி கப்பல் ஆகிவிடுகிறது. அதே போல் இன்னொன்று கிடைக்காது. தேய்மானக் கணக்கு பூஜ்யத்தைக் காட்டும், ஆனால் உண்மை விலை ஏறிக்கொண்டிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஒன்று. அமெரிக்காவில் பழைய கார் இன்சூரன்ஸுக்குப் பெயர்பெற்ற ஹேகர்டி கம்பெனி, 1984-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கணவன் மனைவி தொடங்கியது. முதலில் அவர்கள் இன்சூர் செய்தது பழைய மரப் படகுகளைத்தான். 1991-ல்தான் கார்களுக்கு வந்தார்கள். 'முன்பே பேசி ஒப்புக்கொண்ட மதிப்பு' என்பதுதான் அவர்கள் பாலிசியின் உயிர்நாடி. தண்ணீரில் பிறந்த வழக்கம் படகு ஏறிக் கரைக்கு வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டது!

நம் நாட்டில் என்ன நிலை? 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 1946 ஜூலை முதல் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயமானது. அது நம் வண்டி அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கு. நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தப் பகுதியின் விதிகள் 2002-ல் வந்த இந்திய மோட்டார் டாரிஃபில் தெளிவாக இருக்கின்றன. பாலிசியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு கட்டம் இருக்குமே, வண்டி முழுசாகப் போனால் கிடைக்கும் தொகை அதுதான். புது வண்டிக்கு ஆறு மாதம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருடம் வரை 15, அப்படியே ஏறி நான்கிலிருந்து ஐந்து வருட வண்டிக்கு 50 சதவீதம். ஐந்து வருடத்தைத் தாண்டினால் அட்டவணை நின்றுவிடுகிறது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

அதே டாரிஃப், ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியை ஒரே ஒரு வகைக்குத்தான் அனுமதித்தது. 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்யப்பட்டு, 'வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா' சான்று கொடுத்த கார்களுக்கு. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் எல்லாம் உள்ளே வந்துவிடும். நம் அப்பாக்களின் அம்பாசிடரும் ஃபியட்டும் வெளியே.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். என் பழைய மாணவன் ஒருவனுக்கு முடிச்சூரில் வீடு. அவன் அப்பா 1967-ல் வாங்கிய ஃபியட் வாசலிலேயே மூழ்கியது. மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது. அந்த மனிதர் அதை வைத்திருந்த அழகு எனக்குத் தெரியும். வாங்கிய பில், ஒவ்வொரு சர்வீஸ் ரசீது, டயர் மாற்றிய தேதி எல்லாம் ஒரு நோட்டில். முழு இன்சூரன்ஸும் தவறாமல் கட்டிவந்தார். ஆனால் வருடாவருடம் புதுப்பிக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று ஏஜென்ட் ஐ.டி.வி.யைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியாக இருந்தது 45,000 ரூபாய்.

சர்வேயர் வந்து பார்த்தார். சரிசெய்ய இரண்டரை லட்சம் ஆகும் என்றார் மெக்கானிக். இங்கேதான் இன்னொரு விதி குறுக்கே வருகிறது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'மொத்த நஷ்டம்'. வண்டி செத்துவிட்டது என்று காகிதம் சொல்லிவிடும். மாணவன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி ஆபீஸுக்கு நாலு முறை நடந்தான். "சார், இதே வண்டி நல்ல நிலையில் இருந்தால் நாலு லட்சத்துக்குக் கேட்கிறார்கள்" என்றான். "அதெல்லாம் சரி தம்பி, உங்கப்பா கையெழுத்துப் போட்டது 45,000-க்குத்தானே" என்று பதில் வந்தது. வண்டியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னதால் அதன் காயலான் கடை மதிப்பையும் கழித்து, முப்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்தார்கள்.

அந்த அதிகாரி சட்டப்படி தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது. 'பேசி முடிவு செய்யலாம்' என்று விதியே சொல்கிறது. அரசு லைசென்ஸ் பெற்ற சர்வேயரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, போட்டோ, ரசீதுகளோடு வைத்து, "எனக்கு மூன்றரை லட்சம் போடுங்கள்" என்று புதுப்பிக்கும்போது கேட்டிருக்கலாம். பிரீமியம் சில ஆயிரம் கூடியிருக்கும். கம்பெனி மறுத்தால் வேறு கம்பெனி. அந்தப் பேச்சை நடத்தலாம் என்று அந்தப் பெரியவருக்கு யாருமே சொல்லவில்லை. பிரீமியம் குறைந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். அந்த வண்டியைப் பிறகு மகன் மூன்று வருடத்தில், சம்பளத்தில் மிச்சம்பிடித்துத்தான் எழுப்பி நிறுத்தினான்.

சின்ன சேதமாக இருந்தாலும் பழைய வண்டிக்குக் கணக்கு கசப்புத்தான். பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகத்துக்குப் பாதிதான் கொடுப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. மூன்று மாதம் அலைந்து மும்பையிலிருந்து ஒரு பழைய கிரில் வாங்கி வருபவருக்கு இதன் அருமை தெரியும்.

2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதியலாம் என்று விதி கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000. தினசரி ஆபீஸ் போக ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுதுபார்க்க எடுக்கலாம். ஆக 1967 ஃபியட், ஆர்.டி.ஓ. ஆபீஸில் வின்டேஜ். 2002 டாரிஃபின் கணக்கில் வெறும் பழைய வண்டி. ஒரே நாட்டில் ஒரே சொல்லுக்கு இரண்டு வயது! இங்கிலாந்தில் போய்க் கேட்டால் 1930-க்குப் பிந்தியதெல்லாம் வின்டேஜே இல்லை என்பார்கள்.

இந்த விதியில் 'பெரிய மாற்றம் இல்லாத' என்ற சொற்களைக் கவனியுங்கள். நம் ஊரில் எத்தனை அம்பாசிடர்களில் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் ஏற்றினோம்! அன்றைக்கு அது குடும்பம் நடத்துகிறவனின் புத்தி. தப்பே இல்லை. ஆனால் மதிப்பிட வருபவர் முதலில் பார்ப்பது சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். மாற்றிய என்ஜினை ஆர்.சி.யில் ஏற்றாமலே விட்ட வண்டிக்கு நல்ல விலையும் வராது, விபத்து என்றால் இன்சூரன்ஸில் தகராறும் வரும். கழற்றிய பழைய என்ஜின் பட்டறை மூலையிலோ மாட்டுக்கொட்டகையிலோ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஹப்பர்ட்டின் வழக்கில் ஒரு கியர்பாக்ஸ் கூடும் கணக்கில் வந்தது.

தார்ப்பாய் போட்டு வைத்திருக்கும் அந்த மூன்று பேருக்கு ஒரு வீட்டுப்பாடம். பாலிசியை எடுத்து ஐ.டி.வி. கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு சேஸிஸ் நம்பர் பதித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுப்பார்களே, அதே பென்சில் பிரிண்ட்தான். அதை ஆர்.சி. புக் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். திருத்திக் கொடுக்கிறேன்.