நெய்வேலிக்கு மேலே 17 கிலோமீட்டர்

இந்த எபிசோடை ரெண்டு மே 3-ஆம் தேதிகளில் இருந்து ஆரம்பிக்கலாம்.

முதலாவது, 1999 மே 3. கார்கில் மலைகளில் ஊடுருவல்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்காங்கன்னு அன்னைக்குத்தான் ராணுவத்துக்குத் தகவல் போச்சு. சொன்னது சாட்டிலைட் இல்ல, ரேடாரும் இல்ல. அந்தப் பக்கம் போன மேய்ப்பர்கள். குளிர்காலத்தில் ஹெலிகாப்டர் ரோந்து போயும் கண்ணில் படாத விஷயம் அது. தொடர்ந்து நடந்த போரில் 500-க்கும் அதிகமான இந்திய வீரர்கள் உயிரிழந்தாங்க. ஏன் முன்னாடியே தெரியலன்னு ஆராய அரசு அமைத்த குழுவோட தலைவர், திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். தெளிவான சாட்டிலைட் படங்களும் ஆளில்லா விமானங்களும் வேணும்னு அந்தக் குழு சொல்லுச்சு.

ரெண்டாவது, 2025 மே 3. மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர். டி.ஆர்.டி.ஓ.வின் ஆக்ரா ஆய்வகம் உருவாக்கிய ஏர்ஷிப், அதாவது ஆகாயக் கப்பல், முதல் தடவையா கருவிகளைச் சுமந்துக்கிட்டு சுமார் 17 கிலோமீட்டர் உயரம் போச்சு. பயணிகள் விமானம் பறக்கிறதைவிட அதிக உயரம். மொத்தப் பயணம் சுமார் 62 நிமிஷம்.

தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனா நடுவில் ஒரே கேள்வி ஓடுது: கண்ணை மேலே அனுப்பினா மட்டும் போதுமா, அது அங்கேயே நிக்க வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு 200 வயசுக்கு மேல ஆச்சு. 1794-ல் இன்றைய பெல்ஜியத்தில் நடந்த ஃப்ளூரூஸ் போரில், பிரெஞ்சுப் படை ஒரு ஹைட்ரஜன் பலூனைக் கயிற்றில் கட்டி மேலே ஏத்துச்சு. உள்ளே இருந்தவங்க எதிரியோட நகர்வைப் பார்த்து, சீட்டு எழுதிக் கீழே அனுப்பினாங்க. கயிறு இருந்ததால பலூன் நின்னுது. அந்தக் கயிறு எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் அதோட உயரமும்.

இன்னைக்குத்தான் சாட்டிலைட் இருக்கேன்னு கேட்பீங்க. தாழ்வா சுத்துற உளவு சாட்டிலைட் ஒரு ஊரைச் சில நிமிஷத்தில் கடந்துடும். அது எப்போ வரும்னு எதிராளி கணக்குப் போட்டு ஒளிஞ்சுக்கலாம். ஒரே இடத்துக்கு மேலே நிக்கிற சாட்டிலைட்டோ சுமார் 36,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

இப்போ இதை நம்ம நெய்வேலிக்குக் கொண்டு வாங்க. டவுன்ஷிப்புக்கு நேர் மேலே 17 கிலோமீட்டரில் ஒரு ஏர்ஷிப் நின்னா, அடிவானம் சுமார் 465 கிலோமீட்டர் தள்ளிப் போயிடும். சென்னை, பெங்களூரு, யாழ்ப்பாணம், ஏன், கன்னியாகுமரி கூட அந்த வட்டத்துக்குள்ள. ஓரத்தில் இருக்கிறது தெளிவா தெரியாது. ஆனா மேகம் இல்லாத நாளில், நம்ம சுரங்கத்து ராட்சத இயந்திரம் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு பகல் முழுக்கப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்.

அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம்? அங்க காத்தோட அடர்த்தி, தரையில் இருக்கிறதில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு. அதே எடையைத் தூக்க ஒன்பது மடங்கு பெரிய பை வேணும். அவ்வளவு பெரிய பையைக் காத்து தள்ளும். எதிர்த்து நிக்க மோட்டார் ஓடணும். பகலில் சோலார் இருக்கு, ராத்திரி? இங்க நைட் ஷிஃப்ட்டில் பழுப்பு நிலக்கரி எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மேலே பாய்லர் கிடையாது. பேட்டரியில் சேமிச்சதை வச்சுத்தான் விடியணும், அந்த பேட்டரிக்கும் எடை உண்டு.

அமெரிக்காவே இதில் அடி வாங்கியிருக்கு. 2011 ஜூலையில் 18 கிலோமீட்டரைக் குறிவச்சு லாக்ஹீட் மார்ட்டின் அனுப்பிய ஏர்ஷிப், 10 கிலோமீட்டரைக்கூடத் தொடாம பென்சில்வேனியா காட்டில் இறங்குச்சு. 2015 அக்டோபரில், மேரிலாந்தில் கட்டி வச்சிருந்த ராணுவக் கண்காணிப்பு பலூன் ஒண்ணு அறுத்துக்கிட்டுப் போய், கேபிளை இழுத்துக்கிட்டே மின்கம்பிகளை அறுத்து, ஆயிரக்கணக்கானவங்களுக்குக் கரண்ட் போச்சு.

அதனால ஷியோபூர் 62 நிமிஷத்தைக் குறைச்சு எடை போட வேண்டாம். பைக்குள்ள அழுத்தத்தைக் கட்டுப்படுத்துறதையும், அவசரத்தில் வாயுவை வெளியேத்துறதையும் அந்தப் பயணத்திலேயே சோதிச்சுப் பார்த்தாங்க. நாள்கணக்கில் நிக்கிறது இனிமேதான்.

அப்படி நிக்கிற நாளும் வரலாம். மறுபடி ஒரு கார்கில் வராம தடுக்க அது உதவினா நல்லதுதான். ஆனா எல்லையைப் பார்க்கச் செஞ்ச கண்ணுக்கு எல்லைக்கோடு தெரியாது. அந்த 465 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ள பக்கத்து நாடும் இருக்கு, நம்ம வீட்டு மொட்டைமாடியும் இருக்கு. அதைத் திருப்புற அதிகாரம் யாருக்கு, படங்களை எத்தனை நாள் வச்சிருக்கலாம்? இதுக்கான சட்டத்தை, அது மேலே நிக்கிறதுக்கு முன்னாடியே நாம கேட்டு வாங்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.